வேரோடு பிடுங்குமுன் வரைபடம் வேண்டும்

1929-ஆம் ஆண்டு எழும்பூர் அருங்காட்சியகம் ஒரு நூலை வெளியிட்டது. சென்னை நகரிலும் சுற்றுவட்டாரத்திலும் வளரும் பூக்கும் தாவரங்களை ஒவ்வொன்றாகப் பதிவுசெய்த நூல் அது. எழுதியவர், அங்கே தாவரவியல் பிரிவில் பணியாற்றிய பி.வி.மயூரநாதன். 1938-இல் எட்வர்டு பார்ன்ஸ் அதற்கு ஓர் இணைப்பு எழுதினார். 1994-இல் லிவிங்ஸ்டன், ஹென்றி இருவரும் அதைத் திருத்திப் புதுப்பித்தார்கள். தன் மண்ணில் முளைப்பது எது என்று இத்தனை காலத்துக்கு முன்பே எழுதிவைத்த நகரம் என்று சென்னை பெருமைப்படலாம்.

ஆனால், இவை பட்டியல்கள். இன்ன செடி கிண்டியில் உண்டு, இன்ன கொடி அடையாற்றங்கரையில் உண்டு என்று அவை சொல்லும். அந்தச் செடி எத்தனை ஏக்கரில் நிற்கிறது, எந்தப் பக்கமாக நகர்கிறது, பத்து ஆண்டுகளுக்கு முன் எங்கே இருந்தது, போன ஆண்டு வெட்டிய இடத்தில் இப்போது என்ன முளைத்திருக்கிறது என்ற கேள்விகளுக்குப் பட்டியலில் பதில் கிடைக்காது. சீமைக் கருவேலமும் உண்ணிச்செடியும் ஆகாயத்தாமரையும் நம் காடுகளையும் கழிமுகத்தையும் நீர்நிலைகளையும் ஆக்கிரமித்திருக்கும் காலத்தில், பதில் தெரிந்தே ஆக வேண்டிய கேள்விகள் இவைதான். ஒவ்வோர் ஆண்டும் ஜேசிபியை இறக்குகிறோம். வெட்டுகிறோம், வாருகிறோம், செலவு எழுதுகிறோம். எங்கே என்ன இருக்கிறது என்ற வரைபடம் கையில் இல்லாமலேயே இதையெல்லாம் செய்கிறோம்.

தென்சென்னையின் பசுமை நிலங்களைக் கொஞ்சம் எண்ணிப் பார்ப்போம். கிண்டி தேசியப் பூங்கா சுமார் 270 ஹெக்டேர். அதன் மதிலை ஒட்டி ஆளுநர் மாளிகை வளாகம். அதே பழைய காட்டிலிருந்து பிரித்துக் கொடுக்கப்பட்ட ஐஐடி வளாகம் 600 ஏக்கருக்கு மேல். அடையாற்றின் தென்கரையில் பிரம்மஞான சபையின் தோப்புகள் சுமார் 250 ஏக்கர். வடகரையில், ராஜா அண்ணாமலைபுரத்தை ஒட்டி 58 ஏக்கரில் தொல்காப்பியப் பூங்கா. அதைத் தொடர்ந்து கழிமுகமும் ஓடையும் சேர்ந்து இன்னொரு 300 ஏக்கர். கோட்டூர்புரத்தில், குப்பைமேடாகக் கிடந்த ஆற்றங்கரையை 2006 முதல் ‘நிழல்’ அமைப்பு பொதுப்பணித் துறையின் ஒத்துழைப்போடு வளர்த்தெடுத்த மரப்பூங்கா. தெற்கே போனால், 2022-இல் ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் இடம்பெற்ற 1,247 ஹெக்டேர் பள்ளிக்கரணை சதுப்புநிலம்.

இவற்றுக்கு உரிமையாளர்கள் பலர். வனத்துறை, நீர்வளத் துறை, மாநகராட்சி, சென்னை நதிகள் சீரமைப்பு அறக்கட்டளை, மத்திய அரசின் கல்வி நிறுவனம், தனி அறக்கட்டளைகள். விதைக்கு இந்த எல்லைகள் தெரியாது. உண்ணிச்செடியின் கறுத்த பழத்தைத் தின்ற கொண்டைக்குருவி ஐஐடி மதிலைத் தாண்டிக் கிண்டிக்குள் போய் எச்சமிடும். பல்லாவரத்துக்கு மேற்கே ஓர் ஏரியில் பெருகும் ஆகாயத்தாமரை, மழை வெள்ளத்தில் சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் வழியே வந்து பட்டினப்பாக்கம் கரையில் ஒதுங்கும். ஒரு துறை தன் வேலிக்குள் மட்டும் கணக்கெடுத்தால் அது பாதிக் கணக்குதான்.

சீமைக் கருவேலத்தை எடுத்துக்கொள்வோம். மத்திய, தென் அமெரிக்காவின் மரம் இது. 1870-களின் இறுதியில், வனத்துறை அதிகாரியாக இருந்த பெட்டோமின் முயற்சியால் விதை வரவழைக்கப்பட்டு, அன்றைய சென்னை மாகாணத்தின் கடப்பை மாவட்டத்தில் நடப்பட்டது. விறகுப் பஞ்சத்துக்கு மருந்தாகத்தான் அது வந்தது. பின்னாளில் வேலிக்கும் விறகுக்கும் என்று மாநிலம் முழுக்கப் பரவி, ‘வேலிக்காத்தான்’ என்று பெயர் வாங்கியது. அதைப் பற்றிச் சொல்லப்படும் எல்லாவற்றுக்கும் ஆதாரம் இல்லை. காற்றின் ஈரத்தையெல்லாம் உறிஞ்சிவிடும், மழையையே தடுத்துவிடும் என்று மேடைகளில் பேசப்படுவதை எந்த ஆய்வும் உறுதிசெய்யவில்லை. உறுதியாகத் தெரிந்தவையே போதுமானவை. அதன் வேர் மிக ஆழம் போகும். அடர்ந்த புதராகி, கீழே மற்ற செடிகளை எழவிடாது. வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து பல கிளைகளாகத் துளிர்க்கும். இனிப்பான அதன் நெற்றை ஆடு, மாடு, மான் எதுவும் விடாமல் தின்னும். குடல் வழியே வந்த விதை சாணத்தோடும் புழுக்கையோடும் விழுந்து முளைக்கும். முளைக்காத விதை மண்ணுக்குள் பல ஆண்டுகள் காத்துக் கிடக்கும்.

கிண்டியில் இதன் விளைவு என்ன என்று பார்க்க, அங்கே ஓடும் புல்வாய்களைப் பார்க்க வேண்டும். வெளிமான் என்றும் சொல்வோம். பெயருக்கேற்பத் திறந்த வெளியும் குட்டைப் புல்லும்தான் அதன் வாழிடம். தூரத்தில் வரும் ஆபத்தைக் கண்ணால் கண்டு ஓடிப் பிழைக்கிற விலங்கு அது. புல்வெளியில் மரமும் புதரும் ஏற ஏற, அதற்கு இடம் குறைகிறது. புள்ளிமானுக்கு அந்தச் சிக்கல் இல்லை. அது புதர்க்காட்டிலும் பிழைத்துக்கொள்ளும். அதே புள்ளிமான்தான் சீமைக் கருவேல நெற்றைத் தின்று விதையை நாலாபுறமும் கொண்டுபோகிறது. 2016 டிசம்பர் 12-இல் வர்தா புயல் அடித்தபோது நகரமெங்கும் மரங்கள் சாய்ந்தன, கிண்டியும் தப்பவில்லை. மரம் விழுந்து வெயில் இறங்கிய ஒவ்வோர் இடைவெளியும் ஒரு போட்டிக்களம். அங்கே நுணாவும் பிராயும் களாவும் எழுகின்றனவா, இல்லை உண்ணிச்செடி முந்திக்கொள்கிறதா? புயலுக்கு முன்பும் பின்பும் எடுத்த தாவர வரைபடம் இருந்திருந்தால், இன்று அந்த இடைவெளிகளுக்கு ஒவ்வொன்றாகப் போய் நின்று பதில் சொல்ல முடியும்.

இது ஏதோ கைக்கெட்டாத பெரிய வேலை என்று நினைக்க வேண்டாம். கிண்டி தேசியப் பூங்காவை நூறு மீட்டருக்கு நூறு மீட்டர் கட்டங்களாகப் பிரித்தால் சுமார் 270 கட்டங்கள் வரும். ஐம்பது மீட்டர் கட்டங்களாகப் பிரித்தாலும் ஆயிரத்துக்குச் சற்று மேல்தான். தொல்காப்பியப் பூங்காவில் ஐம்பது மீட்டர் கட்டங்கள் நூறுகூட வராது. ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு குழு நடந்து போய் எழுத வேண்டியது இவ்வளவுதான்: என்னென்ன ஆக்கிரமிப்புச் செடிகள்; தரையில் எத்தனை பங்கை மூடியிருக்கின்றன; நாற்றா, புதரா, காய்க்கிற மரமா; கூட நிற்கும் உள்ளூர்ச் செடிகள் எவை. முக்கியமான இன்னொன்று, எதுவும் இல்லையென்றால் ‘இல்லை’ என்று எழுதுவது. இந்த ‘இல்லை’தான் வரைபடத்தின் பாதி மதிப்பு. அடுத்த ஆண்டு அதே கட்டத்தில் ஒரு நாற்று தெரிந்தால், அது புதிதாக வந்தது என்று அன்றே தெரியும். ஒருவர் குனிந்து கையால் பிடுங்கிவிடலாம். பத்து ஆண்டு கழித்து அதற்கு இயந்திரம் வேண்டியிருக்கும்.

செயற்கைக்கோள் இருக்கும்போது எதற்குக் கால்நடையாகப் போக வேண்டும் என்று கேட்கலாம். ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள்கள் ஐந்து நாளுக்கு ஒருமுறை ஒரே இடத்தைப் படமெடுக்கின்றன. படங்களை யாரும் இலவசமாகப் பெறலாம். அவற்றின் நுட்பம் பத்து மீட்டர். ஒரு ஹெக்டேர் நிலம் நூறு புள்ளிகளாகத் தெரியும். ராமநாதபுரத்தில் கோடையில் எல்லாம் காய்ந்து கிடக்கும்போது, கண்மாய்க்குள் பச்சையாகத் தெரிவது பெரும்பாலும் சீமைக் கருவேலம் என்று அந்தப் படத்தைக் கொண்டே சொல்லிவிடலாம். கிண்டியில் அப்படிச் சொல்ல முடியாது. சோழமண்டலக் கடற்கரைக்கே உரிய, உலகில் அரிதாகிவிட்ட வறண்ட பசுமைமாறாக் காடு அது. கோடையிலும் இலை தாங்கி நிற்கும் மரங்கள் அதில் அதிகம். பச்சைக்குள் இன்னொரு பச்சையைப் பிரித்தெடுக்க வேண்டும். உண்ணிச்செடியோ மரங்களின் கீழே, மேலிருந்து எந்தக் கண்ணுக்கும் படாத இடத்தில் இருக்கிறது. ஆகாயத்தாமரையை வானத்திலிருந்து பார்க்கலாம். பள்ளிக்கரணையிலும் ஆற்றிலும் வாரம் தவறாமல் பார்க்கலாம். காட்டுக்குள் நடக்கத்தான் வேண்டும். ட்ரோன், செயற்கைக்கோள், கால் மூன்றும் சேர்ந்தால்தான் நம்பத்தக்க வரைபடம் கிடைக்கும்.

நடப்பவருக்குச் செடி தெரிந்திருக்க வேண்டும் என்பது இன்னும் முக்கியம். நாட்டுக் கருவேலத்தின் பூ மஞ்சள் பொட்டுப் பந்து. காய், மணி கோத்த மாலை மாதிரி இடையிடையே இறுகியிருக்கும். சீமைக் கருவேலத்தின் பூ விரல் நீளத்துக்குத் தொங்கும் வெளிர்மஞ்சள் கதிர். நெற்று வைக்கோல் நிறத்தில், அவ்வளவாக இறுக்கம் இல்லாமல் நீண்டிருக்கும். பூவும் காயும் இல்லாத மாதத்தில், முள்ளை மட்டும் பார்த்து அரிவாள் எடுப்பவருக்கு இரண்டும் ஒன்றுதான். கோயில்களில் தல மரமாக வணங்கப்படும் வன்னி, சீமைக் கருவேலத்தோடு அண்மைக்காலம் வரை ஒரே பேரினத்தில் வைக்கப்பட்டிருந்த நெருங்கிய உறவு. ஒப்பந்தக்காரர் அனுப்பும் ஆளிடம் ‘முள்மரத்தையெல்லாம் எடுத்துவிடு’ என்று சொன்னால் எதெல்லாம் போகும் என்று சொல்லத் தேவையில்லை.

2017-இல் இதை மாநில அளவில் பார்த்தோம். சீமைக் கருவேலத்தை அகற்ற வேண்டும் என்று உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. ஊர் ஊராக வெட்டும் வேலை தொடங்கியது. சில மாதங்களில், அறிவியல் ஆய்வு இல்லாமல் இப்படி வெட்டலாமா என்ற வழக்கில் சென்னையில் இடைக்காலத் தடை வந்தது. நோக்கம் நல்லது. எங்கே முதலில், எங்கே பிறகு, வெட்டிய இடத்தில் என்ன நடுவது, யார் தொடர்ந்து பார்ப்பது என்ற திட்டம் இல்லாததுதான் குறை. வெட்டிய கட்டைகளில் எத்தனை ஒரு மழைக்குப் பிறகு மறுபடி தழைத்தன என்பதை அந்த ஊர்க்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

அந்தப் பாடத்திலிருந்து ஓரளவு முன்னேறியிருக்கிறோம். உயர் நீதிமன்றச் சிறப்பு அமர்வின் தொடர்ந்த கண்காணிப்பில், 2022-இல் தமிழ்நாடு அரசு ஆக்கிரமிப்புத் தாவரங்கள், காடுகளின் சூழல் மீட்பு ஆகியவற்றுக்கென்றே ஒரு கொள்கையை வெளியிட்டது. மாநிலக் காடுகளில் மூன்று லட்சம் ஹெக்டேருக்கு மேல் இந்தத் தாவரங்களின் பிடியில் இருப்பதாக வனத்துறையின் கணக்கு சொல்கிறது. முதுமலையில் மஞ்சள் பூவாய்ப் பூத்துக் காட்டை விழுங்கிக்கொண்டிருந்த சென்னா மரங்களை வெட்டி, அரசுக் காகித ஆலைக்கு அனுப்பும் ஏற்பாடும் நடந்தது. தேசிய அளவிலும் ஒரு நல்ல முன்மாதிரி இருக்கிறது. புலிக் கணக்கெடுப்புக்காக நாடு முழுதும் நடந்த வனப் பணியாளர்கள், வழியெங்கும் இந்தச் செடிகளையும் குறித்துவந்தார்கள். அப்படிச் சேர்ந்த ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட இடங்களின் தரவைக் கொண்டு 2023-இல் வெளியான ஓர் ஆய்வு, இந்தியாவின் இயற்கை நிலங்களில் 66 சதவீதம் பதினோரு ஆக்கிரமிப்புத் தாவரங்களின் அச்சுறுத்தலில் இருக்கிறது என்று கண்டது. காவலர்கள் நடந்து குறித்த தரவு அது. மலைக்காட்டில் முடிந்தது, அண்ணா சாலையிலிருந்து ஆட்டோவில் போகக்கூடிய காட்டில் ஏன் முடியாது?

நகரத்துக் காடு சிறியது. அதனாலேயே கவனத்திலிருந்து நழுவுகிறது. முதுமலைக்கும் சத்தியமங்கலத்துக்கும் திட்டம் போடும்போது 270 ஹெக்டேர் ஒரு துண்டு நிலமாகத் தெரியலாம். ஆனால், சோழமண்டலக் கரையின் தாழ்நிலக் காடு மிச்சமிருப்பதே இப்படித் துண்டு துண்டாகத்தான். பாலை, காயா, காரை, இரும்புளி என்று அந்தக் காட்டுக்கே உரிய மரங்களின் தாய்மரங்கள் நிற்பது இங்கே. தொல்காப்பியப் பூங்காவில் நட 170-க்கும் மேற்பட்ட உள்ளூர் இனங்களைத் தேடியபோது, அந்தத் தேடலுக்கே அடிப்படை இப்படி மிஞ்சிய காடுகளும் கோயில்காடுகளும்தான்.

அந்தப் பூங்காவைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். கட்டட இடிபாடும் குப்பையும் சீமைக் கருவேலமும் மண்டிக் கிடந்த ஓடை அது. பிச்சாண்டிக்குளம் வன ஆலோசகர்களின் திட்டப்படி, குப்பையை அள்ளி, நீர்வழியைத் திறந்து, உள்ளூர்ச் செடிகளை நட்டு 2011 ஜனவரியில் திறந்தார்கள். சென்னையில் ஆக்கிரமிப்புச் செடியை அகற்றியதோடு நிற்காமல், அந்த இடத்தில் எது வர வேண்டும் என்று யோசித்துச் செய்த பெரிய வேலை அதுதான் என்பது என் கருத்து. அங்கேயும் பாடம் ஒன்று உண்டு: சீமைக் கருவேலம் ஒரு தடவை அகற்றினால் தீர்கிற விவகாரம் இல்லை. ஓடையில் அலை ஏறும்போதெல்லாம் நெற்று மிதந்து வரும். பக்கத்துக் காலி மனையிலிருந்து ஆடு விதை கொண்டுவரும். ஆண்டுதோறும் நாற்றுப் பிடுங்கும் ஆளும், எங்கே பிடுங்கினார் என்ற குறிப்பும் இருந்தால்தான் செய்த செலவு நிற்கும்.

நம் பொறியியல் துறைகளின் நடைமுறை இதற்கு நேர்மாறு. ஒரு வேலை, ஓர் எம்-புக் (அளவுப் புத்தகம்), இத்தனை கனமீட்டர் அகற்றப்பட்டது என்று ஒரு பதிவு, பில் பாஸ். அதோடு கணக்கு முடிந்துவிடும். செடி தன் கணக்கை அங்கிருந்துதான் தொடங்குகிறது. கழிமுகத்தில் ‘சுத்தம் செய்யும்’ இயந்திரம் சீமைக் கருவேலத்தோடு உமரியையும் வங்காராவச்சியையும் வெண்கண்டல் நாற்றையும் சேர்த்து அள்ளிவிட்டால், அந்த எம்-புக்கில் எல்லாமே ஒரே அளவில்தான் ஏறும். வெறும் சேறாகிப்போன இடத்தில் முதலில் முளைப்பது எது என்பதும் நமக்குத் தெரியும். இதனால்தான், வெட்டும் ஒப்பந்தம் ஒவ்வொன்றிலும் முன்-வரைபடமும், குறைந்தது மூன்று ஆண்டுகளுக்கான பின்-வரைபடமும் நிபந்தனையாக இருக்க வேண்டும் என்று கேட்கிறேன். முதல் பில் போலவே மூன்றாம் ஆண்டு பில்லும் இருக்கட்டும். அன்று அந்தக் கட்டத்தில் நாற்று இல்லையென்றால் மட்டும் அது பாஸாகட்டும்.

எல்லாச் சீமைக் கருவேலத்தையும் நாளைக்கே வெட்டச் சொல்லவில்லை. வேறு மரமே இல்லாத கரையில் மண்ணைப் பிடித்து நிற்பது அதுவாக இருக்கலாம். நீர்ப்பறவைகள் அதில் கூடு கட்டியிருக்கலாம்; கூட்டில் குஞ்சு இருக்கும்போது அரிவாள் போவது அநியாயம். சிவகங்கை, ராமநாதபுரம் பக்கம் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் குடும்பங்களுக்கு அதுவே சோறு. வரைபடத்தின் வேலை வெட்ட வேண்டிய இடத்தைக் காட்டுவது மட்டுமல்ல. இப்போதைக்குக் கைவைக்கக் கூடாத இடத்தையும் அது காட்டும். புதிதாக முளைத்த விளிம்பிலிருந்து உள்நோக்கி வேலை செய்ய வேண்டும், விதை வரும் மேட்டுப்பகுதியிலிருந்து கீழ்நோக்கி வர வேண்டும் என்பதெல்லாம் இந்தத் துறையில் அனுபவம் உள்ளவர்கள் சொல்லும் அடிப்படைப் பாடங்கள். விளிம்பு எது, மேடு எது என்று தெரியாமல் அதை எப்படிச் செய்வது?

ஆகாயத்தாமரைக்கு இது இன்னும் பொருந்தும். நல்ல வெயிலும் கழிவுநீரின் சத்தும் கிடைத்தால் இரண்டு வாரத்தில் இரட்டிப்பாகக்கூடிய செடி. மாநகராட்சி மழைக்கு முன் ஆற்றிலும் கால்வாய்களிலும் அதை வாரிப்போடுகிறது. அது தேவையான வேலை, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால், தி.நகர் வழியே வந்து ஆற்றில் சேரும் மாம்பலம் கால்வாயில் எந்த இடத்தில் சாக்கடை கலக்கிறதோ அங்கேதான் செடியும் கொழுக்கிறது. ஆகாயத்தாமரையின் வரைபடத்தை எடுத்துப் பார்த்தால், அது கழிவுநீர் கலக்கும் இடங்களின் வரைபடமாகவும் இருக்கும். குடிநீர் வாரியத்துக்கும் அதில் ஒரு பிரதி போக வேண்டும்.

வெளியிலிருந்து வந்த மரம் என்பதாலேயே எதன்மீதும் கோபம் கொள்ளத் தேவையில்லை. மயிலாப்பூர், தி.நகர்த் தெருக்களுக்கு நிழல் தரும் தூங்குமூஞ்சி மரம் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. அது காட்டுக்குள் புகுந்து அடித்துத் துரத்துவதில்லை. நம் சாம்பாரின் மிளகாயும் அங்கிருந்து வந்ததுதான். வந்த இடத்தில் கட்டுக்கடங்காமல் பரவி, இருந்தவற்றை அழிப்பவை மிகச் சிலவே. அவற்றைத் தனியே அடையாளம் காண்பதற்கும் தொடர்ந்து எடுக்கும் வரைபடம் உதவும். ஒரு செடி நட்ட இடத்திலேயே நிற்கிறதா, நடாத இடத்திலும் முளைக்கிறதா என்பதை அது காட்டிக்கொடுத்துவிடும். கொடிரோஸ் வேலியிலிருந்து இறங்கிப் புறம்போக்கை மூடும்போதும், சவுண்டல் மரம் பூங்காவிலிருந்து ஆற்றங்கரைக்குத் தாவும்போதும் அதை யாராவது தேதி போட்டுக் குறித்திருக்க வேண்டும். சாலை நடுவே அழகுக்காக நடப்பட்ட கோனோகார்ப்பஸை இனி நடக் கூடாது என்று அரசு 2025-இல் உத்தரவிட்டது. நட்டவை எங்கெங்கே என்று தெரிந்தால்தான் அந்த உத்தரவின் அடுத்த கட்டம் நடக்கும். கிண்டி குதிரைப் பந்தய மைதானத்தின் 160 ஏக்கரை 2024-இல் அரசு மீட்டு, அதில் 118 ஏக்கரில் பசுமைப் பூங்கா அமைக்கத் தோட்டக்கலைத் துறையிடம் கொடுத்திருக்கிறது. தேசியப் பூங்காவுக்கு இவ்வளவு அருகில், ஒரு புது நிலம். அங்கே நடும் ஒவ்வொரு செடியும் பக்கத்துக் காட்டுக்கு விதை அனுப்பக்கூடியது என்பதை நடுமுன்பே நினைத்துக்கொள்ள வேண்டும்.

யார் செய்வது? தென்னாப்பிரிக்காவைப் பார்க்கலாம். அங்கே 1994-இல் ஆக்கிரமிப்புத் தாவரங்களுக்கென ஓர் அட்லஸ் தொடங்கினார்கள். லெஸ்லி ஹெண்டர்சன் என்ற தாவரவியலாளர் சாலை சாலையாகப் போய்க் குறித்தார். தன்னார்வலர்கள் தாள் தாளாக நிரப்பி அனுப்பினார்கள். அடுத்த ஆண்டே, வேலையில்லாதவர்களுக்குக் கூலி கொடுத்து நீர்ப்பிடிப்புப் பகுதிகளில் அந்த மரங்களை அகற்றும் ‘வொர்க்கிங் ஃபார் வாட்டர்’ திட்டம் வந்தது. அட்லஸ் அதன் பிறகும் நிற்கவில்லை. பரவும்வரை விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதற்குக் கென்யாவின் பாரிங்கோ உதாரணம். 1980-களில் நட்ட சீமைக் கருவேலம் மேய்ச்சல் நிலத்தை மூடி, அதன் இனிப்பு நெற்றைத் தின்ற ஆடுகளுக்குப் பல் விழுந்து, மக்கள் நீதிமன்றத்துக்குப் போனபோது ஒரு பொக்கைவாய் ஆட்டையே சாட்சியாகக் கொண்டுபோனார்கள்.

சென்னையில் ஆளுக்குப் பஞ்சமில்லை. 1978 முதல் இயங்கும் மெட்ராஸ் இயற்கை ஆர்வலர் சங்கம் இருக்கிறது. பள்ளிக்கரணையைப் பல ஆண்டுகளாக ஆவணப்படுத்திவரும் கேர் எர்த் இருக்கிறது. தெருமரங்களை ஒவ்வொன்றாக எண்ணப் பொதுமக்களைப் பழக்கிய நிழல் இருக்கிறது. விடிகாலையில் அடையாறு கழிமுகத்தில் பறவைகளை எண்ணி இ-பேர்ட் தளத்தில் ஏற்றும் இளைஞர்கள் இருக்கிறார்கள். தாவரவியல் துறை உள்ள கல்லூரிகள் மயிலாப்பூரைச் சுற்றியே பல. கைபேசியில் செடியைப் படமெடுத்து ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் ஏற்றுவதும் இப்போது பரவலாகிவிட்டது.

இதில் ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். ஆர்வலர் எடுக்கும் படங்கள் நடைபாதையை ஒட்டியே குவியும். வரைபடத்தில் பார்த்தால் செடிகள் எல்லாம் பாதையோரத்தில் மட்டுமே வளர்வதுபோலத் தெரியும்; பூட்டிய வேலிக்குள் ஒரு புள்ளியும் இருக்காது. புள்ளி இல்லாத இடத்தில் செடி இல்லை என்று முடிவுகட்டினால் அது பெரும் பிழை. மக்கள் தரவு காவல்கண்ணாக இருக்கட்டும். புதிதாக ஒன்று வந்தால் முதலில் குரல் கொடுக்கட்டும். கட்டம் கட்டமாக நடக்கும் முறையான கணக்கெடுப்பைத் துறைதான் நடத்த வேண்டும். ஆர்வலர்களையும் மாணவர்களையும் பயிற்சி கொடுத்து உடன் அழைத்துக்கொள்ள வேண்டும். தேசியப் பூங்காவுக்குள் பொதுமக்களை விட முடியாது என்ற தயக்கம் புரிகிறது. ஆண்டுக்கு ஒரு வாரம், வனக் காவலர் தலைமையில், குழுவுக்கு நாலு பேர் என்று போனால் மானுக்கு ஒன்றும் நேர்ந்துவிடாது.

எடுத்த வரைபடம் கோப்பில் தூங்கக் கூடாது. ஆய்வு மாணவர்கள் எழுதிய ஆய்வேடுகளில் கிண்டியைப் பற்றியும் கழிமுகத்தைப் பற்றியும் அருமையான தரவுகள் சிதறிக் கிடக்கின்றன. அடுத்து வருபவர் மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறார். மக்களின் நிலம், மக்களின் வரிப்பணம். எந்தக் கட்டத்தில் என்ன நிற்கிறது, எப்போது எடுத்தார்கள், திரும்ப வந்ததா என்பதைக் கோட்டூர்புரத்துக்காரர் ஒருவர் தன் கைபேசியில் திறந்து பார்க்க முடிய வேண்டும். அரிய தாவரங்கள் இருக்கும் சரியான இடத்தை மட்டும் மறைத்துக்கொள்ளலாம். மற்றது எல்லாம் திறந்திருக்கட்டும்.

இதற்குக் காலமும் இருக்கிறது. வடகிழக்குப் பருவமழை டிசம்பரில் ஓய்ந்ததும், ஜனவரி, பிப்ரவரியில் மண் இன்னும் ஈரமாக இருக்கும். அந்த மழையில் முளைத்த சீமைக் கருவேல நாற்று அப்போது சாண் உயரம்தான். இழுத்தால் வேரோடு வந்துவிடும். கோடையில் நெற்று பழுத்து மான் வாய்க்குப் போவதற்கு முன், காய்க்கிற மரங்கள் எங்கே என்று தெரிந்துவிடும். வனத்துறை, மாநகராட்சி, நீர்வளத் துறை, நதிகள் சீரமைப்பு அறக்கட்டளை ஆகியவற்றின் அலுவலர்களையும் ஐஐடி, பிரம்மஞான சபை நிர்வாகங்களையும் ஒரே மேசையில் உட்காரவைத்து, எல்லாருக்கும் பொதுவான கட்டமும் பொதுவான படிவமும் முடிவுசெய்ய ஓர் அரசாணை போதும். கிண்டியின் 270 கட்டங்களில் வரும் ஜனவரியிலேயே தொடங்கலாம். பிப்ரவரி முடிவதற்குள் முதல் வரைபடத்தை வெளியிட்டுவிடலாம்.